நாங்கள் இரண்டு வண்டியில் போன கதை

எதையும் விசாரித்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பரிதாபமாக இருக்கிறது. ஏமாறுவதற்கு எவ்வளவு உழைக்கிறார்கள்! விசாரிக்காமல் ஏமாறுகிறவருக்கு ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். விசாரித்து ஏமாற எனக்கு மூன்று வாரம் ஆனது.

கீழ்வேளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். என் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி, இணையத்தில் நாற்பது பேர் எழுதிய புகாரைப் படித்துவிட்டுத்தான் வாங்குவேன். டீச்சர்கள் ஓய்வறையில் எனக்கு இதனால் ஒரு மரியாதை இருந்தது. (இருந்தது என்பதைக் கவனிக்கவும்.)

தம்பி ரபீக்குக்குக் கும்பகோணத்தில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். அவனுக்கு வயது முப்பத்து மூன்று. பல இடம் வந்து, பல இடம் தட்டிப்போய், அம்மா அழுவதையும் நிறுத்தியிருந்த நேரம். பெண் வீட்டார் எதையும் துருவிப் பார்க்கிறவர்கள் என்று தரகர் சொன்னார். பேருந்தில் போய் இறங்கினால் நன்றாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. கார் ஓட்டும் லைசென்ஸும் புதிதாக வந்திருந்தது. கையில் லைசென்ஸ் வந்ததும் புத்தி வெளியே போய்விடும் போலிருக்கிறது.

திருவாரூரில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரிடம் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. போனில் கணவர் சொன்னார்.

"வாங்கு, வேணாங்கல. ஆனா ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய்க் காட்டு."

"மெக்கானிக்குன்னா எதையாவது குறை சொல்லித்தான் தீருவாங்க, மச்சான். நா ஹிஸ்டரி முழுக்க எடுத்துட்டேன்."

உண்மையிலேயே எடுத்திருந்தேன். நம்பரைப் போட்டதும் வண்டியின் ஜாதகம் திரையில் வந்து நின்றது. ஒரே ஓனர். எஃப்.சி. பல வருஷத்துக்கு இருக்கிறது. இன்சூரன்ஸ் சரி, புகைச் சான்று சரி, கடன் இல்லை, அபராதம்கூட இல்லை. பானெட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். விற்பவர் பக்கத்தில் கைகட்டி நின்று, "உங்கள மாதிரி பாக்குறவங்கள நா பாத்ததே இல்லக்கா" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்த்தபோது அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் ஓட்டினேன். பின்சீட்டில் யாரும் உட்காரவில்லை. பின்சீட்டு என்று ஒன்று இருப்பதையே நான் பொருட்படுத்தவில்லை.

பெண் பார்க்கப் போகும் நாள் வந்தது. நான் ஓட்ட, அத்தா முன்னால். பின்னால் அம்மா, மாப்பிள்ளை ரபீக், எங்கள் ஷரிபா மாமி. மாமி வாட்டசாட்டமான ஆள். வாயும் அதே அளவு. டிக்கியில் பழம், இனிப்பு, பெண்ணுக்கு எடுத்த புடவை.

திருவாரூர் தாண்டியதும் மாமி ஆரம்பித்தார்.

"ஏம்மா ஷமீம், யாரோ பல்லக் கடிக்கிற மாதிரி சத்தம் வருதே?"

"ரோடு சரியில்ல மாமி."

"ரோடு என் சீட்டுக்கு அடியிலயா இருக்கு?"

நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். குடவாசல் நெருங்கும்போது மழை பிடித்தது. இருபுறமும் சம்பா நடவு முடிந்த வயல்கள் பச்சையாக நனைந்தன. உள்ளே நாங்களும் நனைந்தோம். ஆனால் ஒழுகியது ஒரு தினுசாக இருந்தது. ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னல் வரை, கூரையின் நடுவே கோடு போட்டதுபோல் சொட்டியது. புதுச்சட்டை நனையாமல் இருக்க ரபீக் பின்னால் சாய்ந்து, வயிற்றை எக்கிக்கொண்டு வந்தான்.

"பீடிங் போயிருக்கும். ரப்பர்தான், சின்ன வேலை" என்றேன். (பீடிங் என்ற சொல்லை அதற்கு முந்தைய வாரம்தான் கற்றிருந்தேன்.)

பெண் வீடு இருந்த தெருமுனையில் ஒரு வேகத்தடை. பெரிதுதான், ஆனால் நான் மெதுவாகத்தான் ஏறினேன். முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் ஏறும்போது கேட்ட சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு பீரோ குப்புற விழுந்தால் வருமே, அதுபோல. வண்டி நிற்கவில்லை. உருண்டுபோய்ப் பெண் வீட்டு வாசலில்தான் நின்றது.

வாசலில் பெண்ணின் அத்தாவும் சொந்தக்காரர்களும் சிரித்த முகமாக நின்றிருந்தார்கள். அவர் பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அத்தாவும் நானும் இறங்கி சலாம் சொன்னோம். பின்னால் யாரும் இறங்கவில்லை.

"வாங்க, வாங்க! ஏன் உள்ளயே இருக்காங்க?"

"கதவு தொறக்கல!" உள்ளிருந்து மாமியின் குரல் கேட்டது.

"சைல்ட் லாக்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன். வெளியிலிருந்து இழுத்தேன். வரவில்லை. பெண்ணின் அத்தா வந்து இழுத்தார். கைப்பிடி மட்டும் அவர் கையோடு வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், மரியாதையாக என்னிடமே கொடுத்தார்.

மாப்பிள்ளைதான் முதலில் ஜன்னல் வழியாக வந்தான். தலை வந்தது, தோள் வந்தது, இடுப்பு மாட்டிக்கொண்டது. பெண்ணின் சித்தப்பா ஒரு கையையும் என் அத்தா இன்னொரு கையையும் பிடித்து இழுத்தார்கள். அம்மாவை முன்சீட்டுகளின் நடுவே வழி பண்ணி எடுத்தோம். மாமிக்கு ஜன்னலும் போதவில்லை, சீட்டு இடுக்கும் போதவில்லை. முன்சீட்டை முழுக்க மடக்கி, பட்டுப்புடவையோடு கியர் மேல் தவழ்ந்து அவர் வெளியே வந்தபோது, எதிர்வீட்டு மாடியில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம்.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் காரைப் பார்த்தோம்.

கார் நடுவில் தொய்ந்திருந்தது. கூரையின் குறுக்கே பெயின்ட் வெடித்து, பட்டி உதிர்ந்து, விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு பிளவு. பெண்ணின் அத்தா பாத்திரம் தட்டிப் பார்ப்பதுபோல முன்பக்கம் ஒரு தட்டு, பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு குனிந்து கால்மிதியைத் தூக்கினார். முன்சீட்டின் கீழே தகரம் வெள்ளை. பின்சீட்டின் கீழே தகரம் நல்ல சிவப்பு. நடுவில் புழு ஊர்ந்ததுபோல் நீளமாக வெல்டிங்.

அவர் நிமிர்ந்து என் அத்தாவிடம் மிக அமைதியாகச் சொன்னார்.

"ரெண்டு வண்டியில வந்திருக்கீங்க போல."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்பக்கம் நசுங்கிய வெள்ளைக் காரின் முன்பாதியையும், முன்பக்கம் நசுங்கிய ஒரு சிவப்புக் காரின் பின்பாதியையும் ஒட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். திருவாரூர் ரோட்டில் ஒரு லாரியை முந்த எண்பதில் போனேனே! அத்தாவும் நானும் ஒரு காரில், அம்மாவும் தம்பியும் வேறொரு காரில். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆத்திரத்தோடு விற்றவருக்குப் போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தார்.

"அக்கா, நீங்க நம்பர் போட்டுப் பாத்தீங்கள்ல? அதுல வந்ததெல்லாம் சத்தியமான உண்மை."

"அப்ப பின்னாடி?"

"பின்னாடியப் பத்தி நீங்க கேக்கவே இல்லையேக்கா."

சேஸிஸ் நம்பர் இருந்தது முன்பாதியில். அந்த முன்பாதியின் ஒழுக்கத்தைத்தான் நான் மூன்று வாரம் ஆராய்ந்திருக்கிறேன்.

சம்பந்தம் போயிற்று என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தோம். யாரும் நிமிரவில்லை. காரையே பார்த்து வாங்கத் தெரியாத குடும்பத்தில் பெண்ணைக் கொடுப்பார்களா? மன்னிப்பாவது கேட்டுவிடலாம் என்று நான் மட்டும் பெண் இருந்த அறைக்குப் போனேன். நஸ்ரின் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பதறிப்போய்த் தோளைத் தொட்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"உங்க தம்பி முழுசா ஒரே ஆளுதானே? நடுவுல வெல்டிங் எதுவும் இல்லையே?"

நானும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவள்தான் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு வெளியே போய், தன் அத்தாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் ரபீக்கையே பார்த்தார். பிறகு, "டிக்கியில இனிப்பு இருக்குன்னு சொன்னீங்களே, அத எடுக்க முடியுமா பாருங்க" என்றார். எங்கள் வீட்டில் நிச்சயம் ஆனது இப்படித்தான்.

திரும்பும்போது பேருந்தில் வந்தோம். மாமி ஏறுவதற்கு முன் பேருந்தின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "எல்லாரும் நல்லா இருக்கீங்கள்ல?" என்று மட்டும் கேட்டார். மெக்கானிக் என்ற சொல்லையே அவர் எடுக்காததுதான் எனக்கு இன்றுவரை வலிக்கிறது. போலீஸில் புகார் கொடுத்தோம். கார் சாட்சியாகக் காவல் நிலைய வாசலில் நிற்கிறது. அதன் மேல் பூசணிக்கொடி படர்ந்திருப்பதாகக் கேள்வி. எந்தப் பாதியில் என்று கேட்கவில்லை.

ரபீக்குக்கும் நஸ்ரினுக்கும் இப்போது ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போன் செய்து தம்பி எழுந்துவிட்டானா என்று கேட்டால், நஸ்ரின் தப்பாமல் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"முன்பாதி எந்திரிச்சு டீ கேக்குதுக்கா. பின்பாதி இன்னும் கட்டில்லதான் கெடக்கு."