மேல்பல் தொடர்பான அவசரக் கூட்டம்

பகுத்தறிவின் வரலாற்றில் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவு லயத்து வீட்டு வரிசையில், ஒன்பதாம் காம்பரா என்ற ஒற்றையறைக்கு அழியாத இடம் உண்டு. அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தோர்: கட்டிலில் ஜீவராணி, அவள் மடியில் பத்து மாத மகள் தனுஜா, இருந்த ஒரே நாற்காலியில், ஹாலிஎலயிலிருந்து வரும் மருத்துவமாது ஷம்ரா மிஸ்ஸி. ஜீவராணியின் அண்ணனும் மூடநம்பிக்கை ஒழிப்பு மன்றத்தின் செயலாளருமான நிமலன், வாசலுக்கு வெளியே, கதவுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார்.

அவர் உள்ளே வராததற்குக் காரணம் முற்றிலும் "நிர்வாக ரீதியானது". தனுஜாவுக்குக் கீழ்ப்பல் வருமுன் மேல்பல் இரண்டு வந்துவிட்டன. அப்படி வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நிமலன் அதை நம்புகிறவரல்லர். நம்பாமல் இருப்பதற்கென்றே அவரிடம் தனிக் கோப்பு உண்டு. ஆயினும் கீழ்ப்பல் வரும்வரை குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை என்று ஓர் "இடைக்கால ஏற்பாடு" செய்துகொண்டார்.

சிக்கல் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஜீவராணிக்கு இருப்பதோ ஒரே அண்ணன்.

சில பிள்ளைகளுக்குப் பல் வரிசை மாறி முளைக்கும், அதனால் பிள்ளைக்கும் குறையில்லை, மாமனுக்கும் குறையில்லை என்று மிஸ்ஸி விளக்கினார். நிமலன் அதைக் குறிப்பேட்டில் பதிந்து, வெகுவாகப் பாராட்டினார். பிறகு முகத்தைத் திருப்பாமலே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

"மிஸ்ஸி, நீங்க பதியிற புள்ள கிளினிக் கார்டுல கீழ்ப்பல்லுதான் மொதல்ல வந்துச்சுன்னு எழுதிட்டா, ஆவணப்படி பிரச்சின தீந்துடுமே?"

"எழுத ஏலும். பல்லு கார்ட வாசிக்காதே."

"ஒரு தடவ திரும்பிப் பாருண்ணே. சிரிக்கிறா," என்றாள் ஜீவராணி.

"ஞாயித்துக்கெழம எனக்கு அப்புத்தளையில பேச்சு இருக்கும்மா."

பேச்சின் தலைப்பு, 'அஞ்சாமை'.

"அப்ப தலகாணில வச்சுக் குத்திக்கிறோம். அதுமேல மாமன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. ஆவணப்படி சரியாப் போயிரும்."

அத்தோடு விடாமல் அவள் மன்றத் தலைவர் இராசையாவுக்கு ஒரு கடிதமும் எழுதி, அண்ணனின் தோளுக்கு மேலாக நீட்டினாள். தலைவருக்குப் போகும் எந்தக் கடிதமும் செயலாளர் வாசித்துச் சரிபார்த்த பின்பே போகவேண்டும் என்பது நிமலனே எழுதிய விதி. விதியை மீறுகிறவரல்லர் அவர். வாசித்தார்.

"ஐயா, எங்கள் அண்ணன் இரண்டு பாற்பல்லுக்கு பயந்த மனிதர். அவரை மேடையில் ஏற்றாமல், ஞாயிற்றுக்கிழமை எங்கள் காம்பராவுக்கு அனுப்பி வைக்கவும்."

நிமலனின் முகம் சிவந்தது. பேனாவை எடுத்தார். 'பல்லுக்கு' என்பதன் பின்னால் விடுபட்டிருந்த 'ப்' ஒன்றை அழகாகச் சேர்த்தார். அடியில், "சரிபார்த்தேன். இதில் பிழை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டு, உறையை ஒட்டி, அன்றைய தபாலிலேயே அனுப்பி வைத்தார்.