மிளகாய் சனிக்கிழமை

டர்பைனைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டு தடவை முனகிவிட்டு நின்றுபோனது.

ஆபரேட்டர் ஸ்பாஸுக்கு வியர்த்துக் கொட்டியது. வருஷத்தில் ஐம்பது மணி நேரம்கூட ஓடாத எரிவாயு மின்நிலையம் அது. மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும். மின்தேவை எகிறினால் தலைமைக் கட்டுப்பாட்டு அறை கூப்பிடும். பதினைந்து நிமிடத்தில் ஓடியாக வேண்டும். இந்த வருஷம் இரண்டு அழைப்புக்கு ஓடவில்லை. மூன்றாவதும் சொதப்பினால் இழுத்து மூடுவதென்று கடிதமே வந்துவிட்டது. இது மூன்றாவது.

"வோல்டேஜ் படுத்துக்கிடக்குண்ணே," என்றான் கூட வேலை பார்க்கும் வில்கோ. "ஊர் லைன்லதான் இந்த மோட்டார் சுத்தணும். ஊரோ பூரா மிளகாய் சுடுது."

செப்டம்பர் சனிக்கிழமை. வீட்டுக்கு வீடு முற்றத்தில் மின்சார மிளகாய் அடுப்பு. குளிர்காலத் தொக்குக்காக மூட்டை மூட்டையாகக் குடைமிளகாய்.

"முதல்ல நம்ம ஏசி, லைட்டு எல்லாத்தையும் அணை."

வில்கோ மெயினையே அணைத்தான். கட்டுப்பாட்டுக் கணினியும் சேர்ந்து அணைந்தது. அதை எழுப்ப மூன்று நிமிடம் போயிற்று.

ஸ்பாஸ் மனைவிக்குப் போன் போட்டான். "ராட்கா, அடுப்பை அணை. தெருவுலயும் சொல்லு."

"இன்னும் ரெண்டு மூட்டை கிடக்கு. எதுக்கு அணைக்கணும்?"

"கரண்ட் போயிடும்டி!"

"ஐயையோ, போயிடுமா?"

போனை வைத்துவிட்டாள். வோல்டேஜ் முள் ஏறவில்லை. இன்னும் சரிந்தது.

வில்கோ தன் வீட்டுக்குப் போன் செய்து விசாரித்தான். "உங்க வீட்டம்மா எங்க அடுப்பையும் வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். கரண்ட் போறதுக்குள்ள சுட்டு முடிக்கணுமாம். ஊரே இப்ப அப்படித்தான் பறக்குது."

ஏழு நிமிடம் பாக்கி. ஸ்பாஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்தான். உண்மை எடுபடாதென்று தெரிந்து, இந்தத் தடவை பொய்யைக் கத்தினான்.

"வோல்டேஜ் எகிறுது! அடுப்பு வெடிக்கும்! பிளக்கைப் பிடுங்குங்க!"

"வெடிச்சா உன் தலையில வெடிக்கட்டும்," என்றாள் ஒருத்தி. ஆனாலும் பிடுங்கினாள். தெருத்தெருவாகப் பிடுங்கினார்கள். ராட்கா மட்டும் கரண்டியோடு வாசல்வரை துரத்திவிட்டுப் பிறகு பிடுங்கினாள்.

அவன் திரும்பி வந்தபோது டர்பைன் இரைந்துகொண்டிருந்தது. பதினான்காவது நிமிடம். வில்கோ அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஸ்நெஜானா.

"ஓடுது மேடம்! ஒரு நிமிஷம் முன்னாடியே!"

"நிறுத்துங்க. உங்க ஊர் லைன் தாங்காதுன்னுதான் கூப்பிட்டோம். இப்ப அது காலியா கிடக்கு. என்ன பண்ணீங்க?"

ஸ்பாஸ் மூச்சு வாங்க, ஒன்று விடாமல், பெருமையாகச் சொன்னான். மறுமுனையில் அவள் எதையோ தட்டச்சு செய்வது கேட்டது.

"அப்ப ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் போதும்," என்றாள் ஸ்நெஜானா. "மெஷின் எதுக்கு?"