வெறுங்கூடை திரும்பாத ஊர்

உ

தோட்டத்துக் கொட்டகை,
கோட்டைப்பட்டினத்துக்கு மேற்கே.
விகாரி வருடம், மார்கழிக் கடைசி.

அன்பும் மதிப்பும் நிறைந்த அம்மான் அவர்களுக்கு, மருமகன் முருகப்பன் சேற்றுக் கையைக் கழுவிவிட்டு எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். முதுகு மட்டும் என்னோடு பேசுவதில்லை. தாங்களும் தங்கள் இல்லத்தரசி அம்மான்மிண்டியும் சென்னையில் சுகமாக இருக்க வேண்டும் என்று நானும், என்னோடு சம்பளமில்லாமல் உழைக்கும் ஞானமணியும் பழனிச்சாமியும், பூத்து நிற்கும் அவரைப் பந்தலும் வேண்டிக்கொள்கிறோம்.

தங்கள் ஏஜெண்டு ஆவுடையப்பன் முந்தாநாள் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது முகம் சரியில்லை. அவர் கடிதம் இதற்குள் கிளம்பியிருக்கும். அதில் 'வியாபாரம்' என்ற சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். நடந்ததை நான் எழுதுகிறேன்.

ஆவணியில் நிலத்தை எங்களிடம் விட்டபோது தாங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வாடைக் காத்துல படகு எறங்காது, குப்பத்துல அடுப்பு எரியாதுங்கிறே. சரி. பயிர் வையி, குடு. ஆனா திரும்ப ஒரு துரும்பு வாங்கப்படாது. வாங்கினா அது வியாபாரம். வியாபாரம் எனக்கே தெரியும், அதுக்கு நீ எதுக்கு? தை பொறந்ததும் சவுக்கு வச்சிருவேன். நீ மெட்ராசுக்கு வந்து பாங்கியில உக்காரு." நான் உடனே சரி என்றேன். எவ்வளவு தூய்மையான நிபந்தனை! பலன் கருதாத செயலைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நீளமான கட்டுரை எழுதியவன் நான். பரிசு கூடக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிக்கொண்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அம்மான், இந்த மார்கழியைத் தாங்கள் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன் பனி. முள்ளங்கி இலை மேல் பனி, மண்வெட்டிக் காம்பில் பனி, ஞானமணியின் மூக்கு நுனியில் பனி. அவர் கறம்பக்குடியில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவர். கத்தரிச் செடியில் புழு பொறுக்கும்போதும் வகுப்பு எடுக்கிற குரல்தான். "நீ வெளிய போ. நீயும் போ. பின்னால ஒளிஞ்சிருக்கிறவனே, ஒன்னத்தான்." கார்த்திகை மழையில் பாத்திகள் மிதந்தன. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தோம். வடித்த தண்ணீர் கொட்டகைக்குள் வந்தது. கொட்டகையைத் தள்ளிப் போட்டோம். மாடு வந்தது. வேலி கட்டினோம். மாட்டை உள்ளே வைத்துக் கட்டிவிட்டோம். இத்தனைக்கும் பிறகு ஒரு காலையில், இலையை விலக்கினால், முதல் கத்தரிக்காய். நான் கத்தினேன். பழனிச்சாமி பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். வெகுநேரம். பறிக்க மனமில்லை.

பறித்தோம். கீரை, முள்ளங்கி, அவரை, பறங்கி எல்லாம் கூடைகளில் நிரப்பி வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குப் போனோம். படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கவிழ்ந்து கிடந்தன. ராக்கன் என்பவர் வீட்டு வாசலில் முதல் கூடையை இறக்கினேன். கொடுக்கிறேன் என்ற எண்ணம் கூடாது என்று எண்ணிக்கொண்டே கொடுத்தேன். அவர் மனைவி அழகி கூடையை உள்ளே கொண்டுபோய்க் கொட்டினார். சத்தம் கேட்டது. கூடை வெளியே வந்தது. அதன் அடியில் பனை ஓலையில் சுற்றிய பொட்டலம். வாளைக் கருவாடு.

"இது வேண்டாம் அம்மா. நாங்கள் எதுவும் வாங்கக்கூடாது" என்றேன்.

"வாங்கச் சொன்னது யாரு அப்பு? கூடையத்தானே குடுக்குறேன்."

"கூடைக்குள்ளே இருக்கிறதே."

"வெறுங்கூடைய எப்பிடி அனுப்புறது? வீடுன்னு ஒண்ணு இருக்குல்ல? ஒங்க ஊர்ல வெறுங்கூடையா குடுப்பாக?"

அம்மான், நம் வீட்டிலும் கொடுக்க மாட்டார்கள். ஆத்தா காலிப் பாத்திரத்தை அண்டை வீட்டுக்குத் திருப்பி நான் பார்த்ததில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை போடுவார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூடையில் கொண்டுபோனேன். எங்கள் தவறு இந்த ஒன்றுதான். எல்லா வீட்டுக்கும் ஒவ்வொரு கூடை. எல்லாக் கூடையும் கருவாட்டோடு வந்தது. சில வீடுகளில் பொட்டலம் சிறியது. சிறியதைக் கொடுத்த கைதான் அதிகமாகக் கூசியது. திரும்பி வருகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. கடல் பொங்கும் மாதங்களுக்காக அவர்கள் கோடையிலேயே காயவைத்துச் சேர்த்தது அது. பசியாற்றப் போனவன் அவர்கள் சேமிப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். வண்டியில் நான் பேசவில்லை. வண்டி பேசியது. வாசனையாக.

இதில் வேறொரு சிக்கல். தோட்டம் முடியும்வரை மூன்று பேரும் சைவம் என்று சங்கற்பம் செய்திருந்தோம். பழனிச்சாமி பிறவிச் சைவர். கருவாட்டைப் பார்த்ததும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார். அப்படியே சாப்பிட்டார், அப்படியே தூங்கினார். ஞானமணியின் பிரச்சினை நேர் எதிரானது. அவர் மூக்கைக் கட்டவில்லை. கொட்டகைக்கு அடிக்கடி போய், "நல்லாக் காஞ்சிருக்கான்னு பாத்தேன்" என்றார். எறிய முடியாது, அது உழைப்பு. விற்க முடியாது, அது அன்பளிப்பு. தின்ன முடியாது. வட்டாரத்துப் பூனைகள் எல்லாம் எங்கள் கொள்கையில் சேர்ந்துவிட்டன.

அப்போது எனக்கு ஒரு யோசனை. வந்ததை நாம் வைத்துக்கொள்ளாவிட்டால் வாங்கியதாக ஆகாது! தெளிவான தர்க்கம். மேற்கே குடியானத் தெருவில் மழையால் வேலை இல்லாத வீடுகளுக்குக் கருவாட்டைக் கொண்டுபோனோம். கூடையில்தான். என்ன செய்வது, வேறு பாத்திரம் இல்லை. அமராவதி என்ற அம்மாள் கருவாட்டை எடுத்துக்கொண்டு கூடை நிறையக் கடலை போட்டார். கடலையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். கருவாடு வந்தது. கருவாட்டை மேற்கே கொண்டுபோனோம். முட்டை வந்தது. முட்டையை அழகியிடம் கொடுத்தேன். அவர் என் தலைமுடியைப் பார்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் போட்டு அனுப்பினார். எங்கள் வண்டி மாடுகள் பாதையை மனப்பாடம் செய்துவிட்டன. நாங்கள் ஏறாவிட்டாலும் போய் வந்துவிடும் போல.

பறங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிஞ்சாக இருக்கும்போது ஞானமணி நகத்தால் ஒரு பறங்கிமேல் 'தானம்' என்று கீறி வைத்தார். காய் பெருக்க, எழுத்தும் பெருத்தது. அதை ராக்கன் வீட்டுக்குக் கொடுத்தோம். போன வெள்ளிக்கிழமை அமராவதி வீட்டிலிருந்து திரும்பிய கூடையில் ஒரு பறங்கி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். 'தானம்.' அழகி அதைத் தன் நாத்தனாருக்குக் கொடுத்திருக்கிறார், நாத்தனார் நெல் குத்தித் தந்தவளுக்கு, அவள் அமராவதிக்கு. வழியில் யாரும் வெட்டவில்லை. பறங்கியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கொடுத்தவன் நான். வாங்கியவனும் நான். நடுவில் இத்தனை வீடுகள். ஒவ்வொருவரும் ஒரு பொழுது கொடுத்தவராக இருந்திருக்கிறார்கள். எனக்கு அடக்க முடியாத சந்தோஷம் வந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. தத்துவத்தில் இதற்குப் பெயர் இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் ஏஜெண்டு வந்தார். அவர் வந்த நேரம் அப்படி. கொட்டகைக் கயிற்றில் கருவாடு. கீழே கடலை மூட்டை. ஒரு பக்கம் முட்டை. அழகியும் அமராவதியும் அன்றைக்குப் பார்த்து நேரிலேயே வந்து, ஆளுக்கொரு கூடையோடு உட்கார்ந்து, கருவாட்டில் உப்பு கூடியதா குறைந்ததா என்று சண்டை. பழனிச்சாமி மூக்கில் துண்டோடு நடுவில்.

"தம்பி, இது தோட்டமா, வாரச்சந்தையா?" என்றார் ஏஜெண்டு.

நான் வாயைத் திறப்பதற்குள் அழகி, "சந்தையா? சந்தையில எவன் சும்மா குடுப்பான்? இந்தப் பிள்ளைகள நாங்கதாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

"நீங்க பாத்துக்கிறீங்களா? அவங்கல்ல ஒங்களுக்குக் குடுக்குறாங்க?"

"படிச்ச பிள்ளைக, இங்கிட்டு வந்து வெயில்லயும் பனியிலயும் கெடக்குதுக. ஒட்டுன வயிறுமா ஆளப் பாருங்க, ஈர்க்குச்சியாட்டம். விட்ருவமா?"

ஏஜெண்டு என்னைப் பார்த்தார். நான் பறங்கியைப் பார்த்தேன். "செட்டியார்கிட்ட என்னன்னு சொல்ல?" என்று முணுமுணுத்தபடி கிளம்பினார். கிளம்பும்போது அமராவதி அவர் குடைக்குள் கடலையைக் கொட்டினார். அவர் வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. தங்கள் விசாரணையில் இதையும் சேர்த்துக்கொள்ளவும்.

ஆனால் அம்மான், கவலை வேண்டாம். வழி கண்டுபிடித்துவிட்டேன். குற்றம் மனிதர்களிடம் இல்லை. கூடையில்தான். கூடை இருப்பதால்தானே அது திரும்புகிறது? இன்று காலை கூடையே இல்லாமல் போனோம். வண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் காய்கள். ஒவ்வொரு வாசலிலும் கத்தரியையும் கீரையையும் கோலத்துக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு ஓடிவந்துவிட்டோம். ஞானமணி ஓடியதில் செருப்பு ஒன்று போனது. அழகி "ஏப்பு! ஏப்பு!" என்று கத்தியது கடல் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரம் இல்லை. ஆகவே திருப்புவதற்கும் ஒன்றுமில்லை. தங்கள் நிபந்தனை இன்று முதல் முழுமையாக நிறைவேறுகிறது. இனி ஒரு துரும்பும் தோட்டத்துக்குள் வராது. இது என் வாக்கு.

ஆகவே தை பிறக்கும்போது சவுக்குக் கன்று அனுப்ப வேண்டாம். இன்னொரு வருடம் கொடுங்கள். பாங்கியில் என் நாற்காலியில் வேறு யாராவது நிம்மதியாக உட்காரட்டும். அவரைப் பந்தலில் இன்னும் பூ இருக்கிறது.

தங்கள் பாதங்களுக்கும் அம்மான்மிண்டி பாதங்களுக்கும் என் வணக்கம். பொங்கல் பானை தங்கள் வீட்டில் கிழக்குப் பக்கமே பொங்கட்டும். சின்னவர்களுக்கு என் ஆசி, அவர்கள் கேட்டால்.

தங்கள் அன்புள்ள மருமகன்,
முருகப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் குப்பமே வந்துவிட்டது. அவரவர் வீட்டுச் சொந்தக் கூடைகளோடு, கருவாடு நிறைய. இப்போது அவர்கள் கூடைகளை நாங்கள் திருப்ப வேண்டும். வெறுமையாகத் திருப்ப முடியுமா? பழனிச்சாமி இப்போதே முள்ளங்கி பிடுங்குகிறார்.

தங்கள் நிபந்தனையை அவர்களிடம் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. அவர்கள் பொட்டலம் கொடுத்தால் நிலம் போய்விடும் என்றேன். ராக்கன்தான் பேசினார். "அப்ப எங்களுக்குக் கீரை வேணாம் அப்பு. வாங்கிட்டு சும்மா ஒக்கார எங்க கைக்குத் தெரியாது. நீங்க சவுக்கே வச்சுக்கங்க." கோபமாகச் சொல்லவில்லை. அழகி கேட்டார்: "நெலம் ஒன்னுது இல்லையா?" இல்லை, என் அம்மானுடையது என்றேன். "அடப் பாவி மகனே! அப்ப இத்தன நாளும் தப்பான ஆளுக்கில்ல குடுத்திருக்கோம்!"

நேரே ஏஜெண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் பொங்கலுக்கு இன்றைய ரயிலில் சென்னை வருகிறார் அல்லவா? அவர் கையில் ஒரு பெரிய ஓலைப்பெட்டி. குப்பத்தில் எல்லா வீட்டிலிருந்தும் எடுத்தது. அம்மான்மிண்டிக்கு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர் என்று சொல்லிக் கொடுத்தவர் ஏஜெண்டுதான். பெட்டி இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேரும். தாங்கள் ஆபீசிலிருந்து வருவதற்குள் வறுத்தும் ஆகியிருக்கும்.

மேலே நான் கொடுத்த வாக்கை அடித்துவிடவும். என்னால் முடியாது. முடிந்தாலும் செய்ய மாட்டேன். துரும்பு வாங்கினாலும் வியாபாரம் என்றது தாங்கள்.

சவுக்கா, கத்தரியா? சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.