படகில் உட்கார்ந்தபடி படகே இல்லை என்றேன்

அன்புள்ள அக்கா மகன் டேரலுக்கு, ஆர்வில் மாமா எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். ஆற்றில் இந்த வருஷம் நண்டு குறைவு. உன் சுகமும், உன் வீட்டுக்காரி மெலிசாவின் சுகமும், உன் கடற்படை வேலையின் சுகமும் அறிய ஆவல். அந்தக் கடைசி விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ரகசியப் பணி அனுமதி தருவதற்கு முன்னால் ஓர் அதிகாரி வந்து விசாரிப்பார், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் மாமா என்று போனில் சொன்னாய். நானும் சரி என்றேன். ஆனால் லெஸ்டரின் முடிவெட்டும் கடையில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். கடனில் கிடப்பவனை எதிரி நாட்டுக்காரன் சுலபமாக விலைக்கு வாங்கிவிடுவானாம், அதனால் பாக்கி இருந்தால் அனுமதி கிடையாதாம். பாதி முடிவெட்டியதோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தவணையை நான் கட்டுகிறேன் என்று சொல்லி உன் பேரில் கடன் வாங்க வைத்து, அப்புறம் கட்டாமல் விட்ட படகு கொல்லையில் நிற்கிறதே.

வேண்டுமென்று விடவில்லையப்பா. சாயங்காலம் அதில் ஏறி உட்கார்ந்தால் மரங்களுக்குள் புகுந்து வரும் காற்று அலை மாதிரியே கேட்கும். தார்ப்பாய் மெல்ல உப்பும். வீடு பின்னால் நகர்ந்து போகும். வங்கியும் தேதியும் கரையிலேயே நின்றுவிடும். தண்ணீரையே பார்க்காத அந்தப் படகில் நான் செசபீக் வளைகுடா முழுக்கப் போய் வந்திருக்கிறேன். அன்றைக்கும் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கீழேயிருந்து ஒரு குரல். நீ சொன்ன அதிகாரிதான், ஜோசலின் என்று பேர், கழுத்தில் அடையாள அட்டை. டேரல் படகு ஏதாவது வாங்கியிருக்கிறாரா என்று கேட்டார்.

"படகா? எங்க குடும்பத்துல யாருக்கும் தண்ணின்னாலே ஆகாதும்மா" என்றேன், சுக்கானை விடாமல்.

அவர் சிரிக்கவில்லை. ஏணியில் ஏறி எதிரே வந்து உட்கார்ந்தார். குளிர்ந்த தேநீர் கொடுத்தேன். இரண்டு பேரும் காற்றோடு போய்க்கொண்டிருந்தோம். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"படகு, பாக்கி, உங்க பேரு, எல்லாத்தையும் உங்க அக்கா மகனே எழுதிக் குடுத்துட்டாரு. கடன் இருக்கலாம், அடைக்க வழி பண்றாங்களான்னுதான் பாப்போம். மறைச்சாத்தான் வினை. இப்ப நீங்க சொன்னதை நான் எங்கே எழுதறது?"

கூசிப்போனேன் டேரல். நீ உண்மையை எழுதியிருக்கிறாய், நான் உன் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. தப்பெல்லாம் என்னுடையது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று முழுக்கச் சொல்லிவிட்டேன். இறங்கும்போது அந்த அம்மாவுக்குத் தரை ஆடுகிற மாதிரி இருந்ததாம்.

மறுநாளே படகை லெஸ்டருக்கு விற்றுவிட்டேன். பணம் நேராக உன் வங்கிக்குப் போகும், கடன் தீர்ந்த சீட்டு உனக்கு வரும், ஜோசலினிடம் காட்டு. கொல்லை வெறிச்சென்று கிடக்கிறது. காற்று அடிக்கிறது, எதுவும் நகரவில்லை. போகட்டும். அரசாங்கம் உன்னை நம்பட்டும், நீ என்னை மன்னிக்கணும். மெலிசாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
கரையேறிவிட்ட உன் மாமா,
ஆர்வில்

பி.கு.: லெஸ்டர் கையில் ரொக்கம் இல்லை, கடன் போட்டுத்தான் வாங்குகிறான். வாரத்தில் ஒரு சாயங்காலம் நான் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறான், தங்கமான மனுஷன். வங்கிக்காரர்கள் நாணயமான ஆளின் ஜாமீன் கேட்டார்கள். அரசாங்கமே விசாரித்துப் பார்க்கிற ஆள் நம்மில் நீ ஒருத்தன்தானே, உன் பேரைக் கொடுத்திருக்கிறேன். காகிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடு. ஜோசலினிடம் சொல்ல மறக்காதே, மறைத்தால்தான் வினையாம்.