அடுத்ததுக்காரர் பாலைவனம் போகிறார்

அடுத்ததுக்காரர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்த்ததும் அடையாளம் தெரியாது. வாலும் கிடையாது, கொம்பும் கிடையாது. கடை வாசலில் கண்ணெதிரே காலியிடம் இருக்க, இன்னும் கிட்டத்தில் ஒன்று கிடைக்கும் என்று காரோடு சுற்றிச் சுற்றி வருவாரே, அவர்தான். தேவாலயத்தில் மனைவி சௌகரியமாக உட்கார்ந்த பிறகு, “முன்னாடி நல்ல இடம் இருக்கு, வா” என்று அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், அங்கே இடம் இல்லாமல், திரும்பி வந்தால் பழைய இடமும் பறிபோய், கடைசியில் தூணுக்குப் பின்னால் நின்றபடி பிரசங்கம் கேட்பாரே, சாட்சாத் அவரேதான். கைக்குக் கிடைத்தது அவருக்கு எப்போதும் சுமார். கண்ணில் படாதது எப்போதும் பிரமாதம்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. குடி இல்லை, சூது இல்லை. மனைவிக்கு உலகத்திலேயே சிறந்ததைத் தர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதனால்தான் இதுவரை எதையுமே தரவில்லை.

இந்த இனத்தை நெருங்கிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வாடகைக் கார், ஒரு மனைவி, நெவாடாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குள் இறங்கும் ஒரு பாலைவனச் சாலை, இவை போதும். ஒஹாயோ மாநிலத்து வெண்டல் அப்படித்தான் பார்க்கக் கிடைத்தார். பார்த்தவள் நோரீன். அவருடைய மனைவி.

டோலிடோ நகரத்தில் ஒரு பூக்கடையில் நோரீனுக்கு வேலை. கல்யாணமா, ரோஜா. சாவா, லில்லி. எல்லாம் விமானத்தில் வரும், பெட்டியில் படுத்து வரும், தண்டு வெட்டுப்பட்டு வரும். ஆயுசு முழுக்கப் பூவோடு வாழ்ந்தவள், தன் காலில் தானே நிற்கும் பூவை ஆசை தீரப் பார்த்ததே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பாலைவனத்தில் என்றும் இல்லாத மழை கொட்டியது. மார்ச் மாதம் தொலைக்காட்சியில் காட்டினார்கள்: விதைக்க ஆள் இல்லாத மண்ணில், மலையடிவாரம் வரைக்கும் மஞ்சள். சில வாரங்களில் எல்லாம் கருகிவிடுமாம். மறுபடி எப்போது பூக்கும் என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

“வெண்டல், யாரும் வெட்டாத பூவுக்கு நடுவுல ஒரே ஒரு தடவ நிக்கணும்.”

எதையும் கேட்காதவள் கேட்டாள். நல்ல புருஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

“இந்த வருஷமா? அடுத்த வருஷம் இன்னும் நல்லா பூக்கும், செல்லம்.”

நோரீன் கையில் இருந்த பூ வெட்டும் கத்திரியை மேஜைமேல் மெதுவாக வைத்தாள். வெண்டல் கத்திரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், உடனே விமானச் சீட்டு வாங்கப் போனார்.

லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுக்கும் இடத்தில் ஒரு வழக்கம். வரிசையாகக் கார்களை நிறுத்தி, சாவியையும் உள்ளேயே வைத்து, “இந்த வரிசையில எது பிடிக்குதோ எடுத்துக்கங்க” என்று விட்டுவிடுவார்கள். அடுத்ததுக்காரரை இதைவிடக் கொடூரமாகச் சோதிக்க முடியுமா? வரிசையின் தொடக்கத்திலேயே உயரமான வெள்ளைக் கார் ஒன்று பளபளவென்று நின்றது. நோரீன் பெட்டியை ஏற்றியேவிட்டாள்.

“இரு, இரு. முதல்ல நிக்கிறத எடுத்தா நம்மள ஏமாளின்னு நெனப்பாங்க.”

பெட்டி இறங்கியது. வெண்டல் ஒவ்வொரு காரின் கதவையும் திறந்தார், முகர்ந்தார், சக்கரத்தைக் காலால் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார், நகர்ந்தார். வரிசை முடிந்தது. அங்கே சுவர். சுவரோரம் எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு குட்டிக் கார். முன்னால் ஓட்டியவர் தின்ற உருளைக்கிழங்கு வறுவலின் வாசம் இன்னும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் வெள்ளைக் கார் இல்லை. ஒரு வயதான தம்பதி அதில் ஏறி, கையசைத்துக்கொண்டே இவர்களைக் கடந்து போனார்கள். நோரீனும் பதிலுக்குக் கையசைத்தாள். அவள் நல்லவள்.

பசி வந்தது. உணவகமும் வந்தது. “அடுத்த ஊர்ல இதவிட நல்லா பண்ணுவாங்க.” அடுத்த ஊரில் இருந்தது ஒரு தபால் பெட்டி. கைப்பையில் கிடந்த உப்பு பிஸ்கட்டில் காலை உணவு முடிந்தது. பாலைவனம் தொடங்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்தில், கண் தெரியாதவருக்கும் தெரியும் அளவுக்கு ஒரு பலகை: அடுத்த பெட்ரோல் எழுபத்திரண்டு மைல்.

“போட்டுடு, வெண்டல்.”

“இந்த விலைக்கா? கொள்ளை! அடுத்த பங்க்ல பாத்துக்கலாம்.”

“முள்ளு கீழ வந்துடுச்சு.”

“என் வண்டியில முள்ளு அடியத் தொட்ட அப்புறமும் உங்கம்மா வீட்டுக்குப் போய்ட்டு வந்திருக்கேன்.”

“இது உன் வண்டி இல்ல.”

“எல்லா வண்டியும் வண்டிதான், நோரீன்.”

தன் வீட்டுக் காரின் நல்ல குணங்களை எல்லாம் ஊர் பேர் தெரியாத வாடகைக் காரிடமும் எதிர்பார்க்கும் இந்த நம்பிக்கை இருக்கிறதே, இதை வைத்து ஒரு மதமே ஆரம்பிக்கலாம்.

மலையைத் தாண்டி இறங்கியதும் முதல் மஞ்சள் தெரிந்தது. சாலையோரத்தில் ஒரு பாய் விரித்த அளவு.

“நிறுத்து! அதோ!”

“இது ஓரம்தானே. உள்ள போகப் போகத்தான் நல்லா இருக்கும்.”

அது உண்மை. உள்ளே போகப் போக நன்றாகத்தான் இருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் மஞ்சள். மலையின் காலடி வரைக்கும் மஞ்சள். காற்று வந்தபோது மொத்தப் பள்ளத்தாக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஜனங்கள் கார்களை ஓரமாக நிறுத்திவிட்டு, இடுப்பளவு பூவில் வாயடைத்து நின்றிருந்தார்கள். வெள்ளைக் காரும் அங்கே நின்றது. அந்தக் கிழவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். நோரீனின் உள்ளங்கை தானாகவே கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

“வெண்டல்... இங்கதான்.”

“கூட்டத்தப் பாரு! கூட்டம் நிக்கிற எடத்துல என்ன இருக்கும்? விவரம் தெரிஞ்சவன்லாம் முன்னாடி போயிருப்பான். அந்த வளைவு தாண்டினா பாரு!”

வளைவா? அம்பு விட்ட மாதிரி நேராகக் கிடந்த அந்தச் சாலையில் வளைவு எங்கிருந்து வரும்? கார் போய்க்கொண்டே இருந்தது. மஞ்சள் மெலிந்தது. திட்டுத் திட்டானது. இன்னொரு மலையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியபோது, மழை அந்த மலையோடு திரும்பிப் போய்விட்டது என்பது தெரிந்தது. சரளைக் கல். அதற்கு அப்புறம்? சரளைக் கல். நோரீன் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். கையின் அச்சு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து, பிறகு அதுவும் மறைந்தது.

பலகை சொன்ன பெட்ரோல் பங்க் வந்தது. ஜன்னலுக்குப் பலகை அடித்து, வாசலில் ‘விற்பனைக்கு’ என்று எழுதியிருந்தார்கள்.

“அடுத்தது...” என்று ஆரம்பித்தார் வெண்டல்.

கார் இருமியது. இன்னொரு தடவை இருமியது. அப்புறம் இந்த உலகத்தில் தனக்கு இனி வேலையில்லை என்பதைப் போல மெல்ல உருண்டு, சாலையோரமாக நின்றுவிட்டது.

எத்தனையோ கல்யாண நாட்கள், எத்தனையோ விடுமுறைகள், ‘அப்புறம்’ என்று தள்ளிப்போட்ட ஒரு தேனிலவு, எல்லாம் அந்தக் குட்டிக் காரின் பின்இருக்கையில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது நோரீனுக்கு. ஒரு துளி கண்ணீர் இமையோரம் வந்து நின்றது. விழவில்லை.

“ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கற? திட்டவாவது திட்டேன்!”

“அடுத்த சண்டை இன்னும் நல்லா இருக்கும்னு விட்டுட்டேன்.”

வெண்டல் தொப்பியை மாட்டிக்கொண்டு, கைபேசியை ஆகாயத்துக்கு நீட்டியபடி இறங்கினார். “இங்க சிக்னல் சரியில்ல. அந்த மேட்டுல நல்லா இருக்கும்.” அந்த மேட்டில் இல்லை. அதற்கு அடுத்த மேட்டில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் தொப்பி சின்னதாகிக்கொண்டே போனது. நோரீன் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் கைபேசியைப் பார்த்தாள். ஒரு கோடு இருந்தது. ஒரு கோடு போதாதா? பழுது வண்டிக்காரர்களைக் கூப்பிட்டாள். கிளம்பிவிட்டோம் என்றார்கள்.

கால் மரத்துப் போனதால் இறங்கினாள். கைப்பை தவறி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

சரளைக் கல்லுக்கு நடுவில் ஒரு பூ. வெள்ளை. சட்டைப் பொத்தானில் பாதி இருக்காது. பக்கத்தில் இன்னொன்று. முழங்காலிட்டாள், போதவில்லை. படுத்தாள். கன்னம் தரையைத் தொட்டதும் அந்த வெறும் சரளைக்காடு சட்டென்று வேறொன்றாகிவிட்டது. நடுவில் மஞ்சள் பொட்டு வைத்த வெள்ளை நட்சத்திரங்கள்; கல்லுக்குக் கல் விரித்த ஊதாத் துணிகள்; கடுகளவு வண்டு ஒன்று ஒரு பூவிலிருந்து கிளம்பி, அதிலேயே திரும்பி உட்கார்ந்தது. இவ்வளவு நேரமும் இதன் நடுவில்தானே ஓட்டி வந்தோம் என்று நினைத்தாள். அப்போதுதான் அந்தத் துளி விழுந்தது. அந்தப் பூவுக்கு அன்றைக்கு அதுதான் மழை.

சிக்னல் கிடைக்காமல் திரும்பிய வெண்டல் தூரத்திலிருந்து பார்த்தார். பாலைவனத்தில் மனைவி குப்புறக் கிடக்கிறாள்! தொப்பி பறந்தது. ஓடினார். ஒரு வருஷமாக மாடிப்படி ஏற மூச்சு வாங்கும் மனிதர் ஓடினார்.

“நோரீன்! ஐயோ, நோரீன்! நான் பாவி! எந்திரிம்மா! இனிமே நீ சொன்ன எடத்துல எல்லாம் நிறுத்தறேன்! மொத பங்க்லயே பெட்ரோல் போடறேன்! தேனிலவுக்குக்கூடக் கூட்டிட்டுப் போறேன்! கடவுளே, இவள மட்டும்...”

“காலை எடு. பூவ மிதிக்கற.”

வெண்டல் காலை எடுத்தார். பேந்தப் பேந்த விழித்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் இருந்த இடத்துக்கே வந்து அவள் பக்கத்திலேயே படுத்தார். இரண்டு பேரும் பார்த்தார்கள். காற்று நின்றிருந்தது.

“அழகா இருக்கு, நோரீன்.”

நோரீன் அவர் பக்கம் திரும்பினாள். மனிதர் திருந்திவிட்டார்! பயம் சாதிக்காதது எது? அவர் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள். கை அங்கே இல்லை. முழங்கையை ஊன்றி அவர் நகர்ந்துகொண்டிருந்தார்.

“அங்க பாரு, கொஞ்சம் தள்ளி, இதவிடப் பெருசா ஒண்ணு இருக்கு!”

பழுது வண்டி வந்து நின்றபோது வெண்டல் வயிற்றால் ஊர்ந்து வெகுதூரம் போயிருந்தார். வண்டியிலிருந்து டார்லா என்ற தடித்த பெண்மணி பெட்ரோல் கேனோடு இறங்கினாள்.

“வயித்துப்பூ பாக்கறீங்களா? நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். வயித்தால படுத்தாத்தான தெரியும்! மயக்கம் போட்டவங்க யாரு, பூ பாக்கறவங்க யாருன்னு தெரியாம, போன வாரம் ஒருத்தருக்கு ஆம்புலன்சயே வரவச்சிட்டேன், திட்டினாரு பாருங்க! ஆமா, உங்காளு எங்க போறாரு, மெக்சிகோவுக்கா?”

“அடுத்ததுக்கு.”

டார்லா ஒன்றும் கேட்கவில்லை. அவளும் கல்யாணமானவள்தான் போலிருக்கிறது. பெட்ரோலை ஊற்றினாள். “எந்தப் பக்கம் போனாலும் ஊர் வரைக்கும் தாங்கும், மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நோரீன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“வெண்டல்! ஏறு!”

சட்டையெல்லாம் புழுதியாக ஓடி வந்தவர், எந்தப் பக்கத்துக் கதவைத் திறப்பது என்று ஒரு நிமிஷம் தவித்து, சுற்றிப் போய் ஏறினார். கார் சாலையில் ஏறித் திரும்பியது.

“ஏய், ஏய், முன்னாடி போகணும்! பார்த்த எடத்துக்கே யாராவது திரும்பிப் போவாங்களா?”

“நீ பாக்கல, வெண்டல். தாண்டின.”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த பதில் நன்றாக வரும் என்று காத்திருந்தார் போலும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. வெயில் சாய்ந்து, பள்ளத்தாக்கு மொத்தமும் பொன்னாகிக் கிடந்தது. நோரீன் செருப்பைக் கழற்றினாள். நடந்தாள். இடுப்பு வரைக்கும் பூ. வெட்ட ஒரு கத்திரி இல்லை, கட்ட ஒரு நாடா இல்லை. சும்மா நின்றாள். வெண்டலும் பக்கத்தில் வந்து நின்றார். அவர் வாய் மெல்லத் திறந்தது.

“அடுத்த வரு...”

நோரீன் திரும்பிப் பார்க்காமலே அவர் வாயைப் பொத்தினாள். கையை எடுத்தபோது மீசையெல்லாம் மகரந்தம். அந்த மஞ்சள் மீசையோடு மனிதர் வாய் திறக்காமல் நின்றார், பாவம், இருட்டும் வரைக்கும்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்றே ஒன்று. இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, “இதோ வரேன், இது முடியட்டும்” என்றீர்களே, அது என்ன ஆயிற்று? போகட்டும். இதைவிட நல்லதாக ஏதாவது இருக்கும் என்று, இந்தப் பக்கம் முடிவதற்குள்ளேயே அடுத்த பக்கத்தின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறதே ஒரு விரல், அது யாருடையது?