இஞ்சினைக் கண்காணித்தவர்

நாகரிக உலகம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எந்த அதிகாரியின் மேற்பார்வையும் இல்லாமல் ஏகப்பட்ட வருடங்களாகத் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனின் இஞ்சின், ஒரு செவ்வாய்க்கிழமை முதல் முறையான கண்காணிப்பின்கீழ் கொண்டுவரப்பட்டது.

கொண்டுவந்தவர் ஒரு கண்காணிப்பாளர். பதிவேட்டு அலுவலகத்தில் அவருடைய பதவியே அதுதான். அவருக்குக் கீழே இருந்தவர்கள் எப்போது தலையைத் தூக்கினாலும் எதிரே அவருடைய கண் இருக்கும். வேலை நடந்ததா என்பது வேறு விஷயம்.

வேன் அவருடையதல்ல, மனைவியுடையது. ஓட்டுவதும் அவள்தான். ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டியோடு தொடங்கிய சலவைத் தொழில், இப்போது வீட்டின் பின்பக்கம் முழுவதும் பரவி, இரண்டு பெரிய மெஷின்களோடு இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் ஆஸ்பத்திரி ஒப்பந்தம். படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் தியேட்டர் துணிகளும் காலை ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் இறங்கிவிட வேண்டும். இறக்கிவிட்டு, போகிற வழியில் கணவரை அலுவலக வாசலில் இறக்குவாள். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒருமுறை லைசென்ஸுக்குப் போனார். தேர்வு நடத்துவது எப்படி என்று தேர்வு அதிகாரிக்கே அவர் சில யோசனைகள் சொன்னதில், விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

ஆகவே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டு வருவார்.

"ஏம்ப்பா, இந்த டேஷ்போர்டுல வேகத்துக்கு ஒரு முள்ளு, பெட்ரோலுக்கு ஒரு முள்ளு. அவ்வளவுதானா?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

"அவ்வளவுதான் சார். இஞ்சின் சூடானா சிவப்பு லைட்டு எரியும்."

"எரிஞ்சப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? எரியறதுக்கு முன்னாடி தெரியணும். அதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

"வண்டி நல்லாத்தானே சார் ஓடுது?"

"நல்லா ஓடுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக்கை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் மூன்று வட்ட மீட்டர்களுக்கு ஆர்டர் போயிருந்தது. ஆயில் அழுத்தத்துக்கு ஒன்று, இஞ்சின் சூட்டுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று.

"டிரைவருக்குத் தெரியற மாதிரி வெக்கட்டுமா சார்?"

"அவளுக்கு எதுக்கு? அவ ரோட்டைப் பாக்கட்டும். இதைப் பாக்க நான் இருக்கேன்."

புதன்கிழமை காலை வண்டி முதல் சிக்னலைத்தான் எட்டியிருந்தது.

"நிறுத்து!"

"நின்னுதாங்க இருக்கோம். சிவப்பு விழுந்திருக்கு."

"ஆயில் முள்ளு இறங்குதுடி!"

"வண்டி சும்மா நிக்கும்போது இறங்கத்தானே செய்யும்?"

"யார் அனுமதிச்சது?"

"நான் வேணும்னா ஒரு மெமோ குடுக்கட்டுமா அதுக்கு?"

கண்காணிப்பாளர் கிண்டலைக் கண்டுகொள்ளவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி, தன் கையாலேயே சாவியைத் திருகி இஞ்சினை அணைத்தார். முள் ஒரேயடியாகப் பூஜ்யத்தில் போய்ப் படுத்தது.

"பாத்தியா? செத்துப்போச்சு!"

"நீங்கதாங்க கொன்னீங்க. இஞ்சினை அணைச்சா பூஜ்யம்தானே காட்டும்?"

இதை மெக்கானிக் போனில் உறுதிசெய்யும் வரை வண்டி நகரவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டோரில் பொறுப்பாளர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உள்ள டாக்டர் கையக் கழுவிட்டு நிக்கறாரு. எவ்வளவு நேரம்மா கையத் தூக்கிட்டே நிப்பாரு?"

"மன்னிச்சுக்கங்கம்மா. வண்டியில சின்னக் கோளாறு."

கோளாறு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேட்டரி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆயில் அழுத்தம் இறங்காமலிருக்க என்ன செய்யலாம் என்று அன்று மாலை அவர் ஆராய்ந்தார். கெட்டியான ஆயில் ஊற்றினால் அழுத்தம் ஏறும் என்று எங்கோ படித்தார். மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "இந்த இஞ்சினுக்கு அது ஆகாது சார்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். ஊற்றச் சொன்னார், ஊற்றினான்.

மறுநாள் முள் ஜம்மென்று மேலே நின்றது. ஆனால் அதை நிற்க வைப்பதற்கு முதலில் வண்டியைக் கிளப்ப வேண்டியிருந்தது. சாவியைத் திருகினால், காலையில் எழுப்பப்பட்ட கும்பகர்ணன் மாதிரி உள்ளே ஏதோ முனகியது, புரண்டு படுத்துக்கொண்டது. கடைசியில் பால்காரர், பேப்பர் போடுகிறவர், எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். கண்காணிப்பாளர் தள்ளவில்லை. முள்ளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

அடுத்தது சூடு. கடைத்தெரு நெரிசலில் முள் பாதியைத் தாண்டியதும் அவருக்கு வியர்த்துவிட்டது. ரேடியேட்டருக்கு இன்னொரு ஃபேன் போடச் சொன்னார். போதாதென்று, இஞ்சினைத் தேவையான சூட்டில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னார். அதன்பிறகு முள் கிளம்பிய இடத்திலேயே குந்திவிட்டது. இஞ்சின் குளிரில் இருமியது.

"இப்ப ஏறவே மாட்டேங்குதே" என்றார் கவலையாக.

"அதத்தானே கேட்டீங்க?"

"ஏறக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஏறவே கூடாதுன்னா சொன்னேன்?"

புது ஃபேன் பேட்டரியைக் குடிக்க, மூன்றாவது முள் சரிய ஆரம்பித்தது. அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டியது.

"வைப்பரை நிறுத்து."

"மழை பெய்யுதுங்க!"

"மழை பெஞ்சா விட்டுரும். பேட்டரி போனா போனதுதான். லைட்டையும் அணை."

அவள் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துத் துடைத்து, ஊர்ந்தபடியே வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஸ்டோர் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று ஈரமாகாமல் வந்தவை துணிகள் மட்டும்தான்.

"உன் வெளுப்பு மாதிரி யாருக்கும் வராதும்மா. அதனாலதான் இத்தனை நாள் மேல யாருக்கும் சொல்லல. திங்கக்கிழமையும் ஏழு மணி தாண்டிச்சுன்னா வேற ஆளப் பாத்துடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

திரும்பும்போது அவர்தான் ஆரம்பித்தார்.

"நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த வண்டி என்னிக்கோ நடுரோட்டுல நின்னிருக்கும்."

"இப்ப தினமும் நிக்குதேங்க."

"இப்ப காரணம் தெரிஞ்சு நிக்குது."

அவள் கியரை மாற்றினாள். வீட்டில் கடனுக்கு வாங்கிய மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஒப்பந்தம் போனால் அவை எதைத் துவைக்கும்? இவருடைய இரண்டு சட்டைகளையா?

சனிக்கிழமை மதியம், அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், அவள் தனியாக வேனை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போய் வந்தாள். விழித்ததும் விஷயம் தெரிந்து அவர் வாசலுக்கே ஓடினார்.

"மீட்டரையெல்லாம் கழட்டிட்டியா?"

"சேச்சே, அதுல கை வெப்பேனாங்க? ஆயில மாத்தி, அந்த ஃபேனை எடுத்துட்டு, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டாச்சு. மீட்டரெல்லாம் உங்க பக்கத்துலயேதான் இருக்கு. ஒயரிங்கையும் பாத்துக் குடுத்திருக்கான்."

அவருக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை காலை வண்டி ஒரே திருகில் கிளம்பியது. மூன்று முட்களும் காவலுக்கு நிற்கும் சிப்பாய்கள் மாதிரி அசையாமல் நின்றன. இரண்டு தெரு தாண்டும் வரை அவருக்குச் சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அது ஒரு மாதிரி ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு எதிரே ஒரு சைக்கிள் வந்தது.

வழக்கம்போல் முன்னால் சாய்ந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, "அந்த சைக்கிள்காரனைப் பாத்து..." என்றார்.

ஆயில் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. சூட்டு முள் சிவப்புக்குத் தாவியது.

வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். முட்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

"என்னங்க, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல."

பாலத்து வளைவில் அவரால் பொறுக்க முடியவில்லை. சாய்ந்தார். "கியரைக் கொறச்சு..." மறுபடி பொத். மறுபடி சிவப்பு. வாயை மூடிச் சாய்ந்து உட்கார்ந்ததும் மறுபடி அமைதி. ஆஸ்பத்திரி வரை உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தார். அன்று வேன் போனபோது ஸ்டோர் கதவே திறந்திருக்கவில்லை. சாவியோடு வந்த ஸ்டோர் அம்மாள் முதலில் வேனைப் பார்த்தாள், பிறகு தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

கண்காணிப்பாளர் சும்மா இருப்பாரா? ஆராய்ந்தார். அவர் முன்னால் சாயும்போதெல்லாம் உடம்பின் எடை முழுவதும் வண்டியின் ஒரு மூலைக்குப் போகிறது. வண்டி சாய்கிறது. உள்ளே ஆயில் ஒதுங்குகிறது. அழுத்தம் விழுகிறது, சூடு ஏறுகிறது. கண்டுபிடிப்பின் அழகு அவரையே கொஞ்சம் மயக்கியது. மெக்கானிக்கிடம் விளக்கினார்.

மெக்கானிக் ரேடியேட்டருக்கு மேல் குனிந்தபடியே கேட்டுக்கொண்டான். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"பழைய வண்டி சார். சில ஆள் பாரம் அதுக்கு ஒத்துக்காது" என்றான்.

மறுநாள் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்து பார்த்தார். அங்கிருந்து எட்டி, "ஹாரன் அடி!" என்றதும் முன்னால் முள் விழுந்தது. ஆக, பாரம் முன்னாலிருந்தாலும் பின்னாலிருந்தாலும் ஒன்றுதான். ஐயத்துக்கு இடமே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, விரலைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். நாளையிலேருந்து ஆபீசுக்கு பஸ்லயே போயிடறேன்."

"ஐயையோ! எதுக்குங்க?"

"இஞ்சினோட நலனுக்காக. என் பாரத்தை அது தாங்கல. ஒரு நிர்வாகின்னா எப்ப விலகணும்னும் தெரிஞ்சிருக்கணும்."

"நீங்க பக்கத்துல இல்லாம நான் எப்படிங்க ஓட்டுவேன்?"

"கஷ்டமாத்தான் இருக்கும். பழகிக்கோ."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாக எழுந்து சமையலறைக்குள் போனாள். தோள் குலுங்குவதைப் பார்த்து அவருக்கே மனசு இளகிவிட்டது.

அதற்குப் பிறகு வேன் ஒருநாளும் ஏழு மணியைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியும் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டியது. "பாத்தியா, நான் கண்டுபிடிச்சு விலகினதால வந்தது" என்று அவர் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பஸ்ஸில் அவர் டிரைவருக்குப் பின்னால் நின்றபடி முட்களைப் பார்த்துக்கொண்டு போவதாகவும், அந்த டிரைவர் வேறு தடத்துக்கு மாற்றல் கேட்டிருப்பதாகவும் கேள்வி.

மாதக் கடைசியில் அவள் வேனை சர்வீசுக்கு விட்டாள். மெக்கானிக் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அக்கா, அந்த மீட்டர் முள்ளைக் கவுக்கறதுக்கு உங்க கைக்கடியில ஒரு சுவிட்ச் வெச்சுக் குடுத்தேனே, இப்ப அவருதான் வண்டியிலயே வரதில்லயே, கழட்டிடட்டுமா?"

"இருக்கட்டும் தம்பி. அவர் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறார்."