மாமாவின் அறைக்குச் சக்கரம் உண்டு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன், பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகம் என்பதை உங்கள் கடிதத்தின் முதல் வரியில் படித்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் வரியிலிருந்துதான் என் சுகம் குறைய ஆரம்பித்தது. நகராட்சிக்காரர்கள் இடிக்கப்போகிற அறையில் அப்பாவைப் படுக்க வைத்திருப்பது உங்களுக்குத் தலைகுனிவு என்றும், மாதக் கடைசிக்குள் இதற்கு ஒரு வழி பிறக்காவிட்டால் அங்கே பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்துவிடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். மச்சான், அந்த இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருந்தால் இன்றைக்கே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். மாமா எங்கள் கொல்லையை விட்டு ஓர் அடிகூட நகரப்போவதில்லை. எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எப்படி என்று விவரமாக எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படியுங்கள்.

நான் ஏன் அறை கட்டப் போனேன் என்பதே உங்களுக்குச் சரியாகத் தெரியாது. வாழ்நாளெல்லாம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய லைன்மேனான மாமா, குளியலறை வாசலில் கால்மிதி வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். இனிமேல் படி என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலோ படுக்கையறைகள் எல்லாம் மாடியில், கீழே இருப்பது என் ஸ்கூலின் ஒரே வகுப்பறை. சரி, நம் மாமாதானே என்று கட்டிலை வகுப்பறையிலேயே போட்டேன். நான் பலகையில் போக்குவரத்துச் சின்னங்களைக் காட்டிக் கேள்வி கேட்பேன், மாணவர்கள் யோசிப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்துவிடும். "அந்த வளைஞ்ச அம்புக்குறிதானே மாப்ள? அங்க திரும்பக் கூடாதுன்னு அர்த்தம். ஆனா யாரும் பாக்கலைன்னா திரும்பிக்கலாம்." அந்த முறை தேர்வுக்குப் போன அத்தனை பேரும் அதை அப்படியே எழுதிவிட்டு வந்தார்கள். ஒருத்தர்கூடத் தேறவில்லை.

ஆகவே கொல்லையில் ஓர் அறை என்று முடிவு செய்தேன். கொத்தனார் வந்து அஸ்திவாரம் போட்டு, சுவர் முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. அப்போதுதான் நகராட்சியின் கட்டட ஆய்வாளர் வந்து நின்றார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் டேப் சார். அளவு நாடா இல்லாமல் இவரைப் பார்க்கவே முடியாது. பேசப் பேச அதை வெளியே இழுப்பார், பேசி முடித்ததும் விடுவார், அது சரக்கென்று உள்ளே போய்விடும். இவர் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்தான். தங்கமான மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் பிரேக் போடுவார். ஆள் நடமாட்டமே இல்லாத மைதானத்தில்கூடப் போடுவார்.

"சார், நீங்க எனக்குக் குரு மாதிரி. ஆனா சுற்றுச்சுவருக்கும் ரூமுக்கும் நடுவுல விட வேண்டிய இடத்தை நீங்க விடலையே" என்றார்.

"அவ்வளவு இடம் விட்டா அப்புறம் ரூம் எங்கய்யா இருக்கும்?"

"ரூம் இருக்காது சார். இடம் இருக்கும்." சரக்.

உங்கள் தங்கை சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து, "அப்போ எங்கப்பாவை எங்க படுக்க வைக்கிறது? நீங்க விடச் சொல்ற இடத்துலயா?" என்று கேட்டாள். விடுகிற இடத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று அவர் மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார். அன்று முழுவதும் உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை. ஏதோ நானே நகராட்சி என்பது போல.

மச்சான், என் மூளை எப்போதும் வண்டி போகிற வழியில்தான் போகும். கட்டடத்துக்குத்தானே அனுமதி வேண்டும்? வண்டிக்கு எதற்கு? எங்கள் கொல்லை மூலையில், ஒரு காலத்தில் கனரக வாகனம் பழக்குவதற்காக வாங்கிப்போட்ட மினி பஸ் வேலையற்றுக் கிடந்ததே, நினைவிருக்கிறதா? முன்னிருக்கை இரண்டைத் தவிர மற்ற சீட்டுகளைக் கழற்றினேன். கட்டில் போட்டேன், விசிறி மாட்டினேன், கடைசி வரிசை இருந்த இடத்தில் ஒரு கழிவறை வைத்துக் குழாயை வீட்டுச் சாக்கடையோடு சேர்த்தேன். படிக்கட்டை மூடி, மாமா தடியூன்றி ஏறுவதற்குத் தோதாகச் சிமெண்டில் ஒரு சரிவும் போட்டுக்கொடுத்தேன். உள்ளே போய்ப் படுத்த மாமா, "ஜன்னல் எல்லாப் பக்கமும் இருக்கு மாப்ள, உங்க வீட்டைவிட இது தேவலை" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறு வாரமே டேப் சார் வந்து பஸ்ஸைச் சுற்றி அளந்தார். "சார், இது கட்டடம்" என்றார். சக்கரம் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். "தெரியுது சார். ஆனா கரண்ட் இருக்கு, தண்ணிக் குழாய் இருக்கு, உள்ள ஒருத்தர் படுத்துத் தூங்குறார். மனுஷன் தூங்கினா அது குடியிருப்பு" என்றார். தூங்குவதாகச் சொல்லப்பட்டவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தம்பி, உங்க ஆபீஸுக்கு நான் வயர் இழுக்க வந்தப்பல்லாம் மத்தியானத்துல மேஜைக்கு மேஜை தூங்கிட்டு இருந்தாங்களே, அதுக்கு அனுமதி வாங்கிட்டீங்களா?" டேப் சார் இடிப்பு நோட்டீஸை வைப்பரில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

சண்டை போடுகிறவன் என்ற பெயர் நமக்கு வேண்டாம் என்று நானே நகராட்சிக்குப் போய், கட்டடம் என்றால் கட்டடமாகவே இருக்கட்டும், அனுமதி கொடுங்கள் என்று மனு நீட்டினேன். கவுண்ட்டரில் இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, சக்கரம் இருப்பதற்கெல்லாம் கட்டட அனுமதி கிடையாது என்று திருப்பித் தள்ளினார். சக்கரத்தைக் கழற்றிவிட்டு வருகிறேன் என்றேன். கழற்றினால் சுவருக்கும் அதற்கும் நடுவே இடம் விட வேண்டும் என்றார். கேட்டீர்களா மச்சான், அனுமதி கேட்டால் அது வண்டி, இடிப்பது என்றால் அது கட்டடம். வண்டி என்று சான்று வாங்கப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்து வந்த ஆய்வாளர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, கட்டிலையும் தொங்குகிற பனியனையும் கண்டு, "இது பெட்ரூம் ஆச்சே, இதுக்கு நான் என்னத்தைச் சோதிக்கிறது?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நான் நேராக நகராட்சியின் மேலதிகாரி அம்மாவிடம் போனேன். எல்லோரும் பெரிய மேடம் என்றுதான் சொல்வார்கள், பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை. நான் சொன்னதையெல்லாம் பேனாவை மூடாமலே கேட்டார். பிறகு, "ஓடினா வண்டி. ஓடலைன்னா கட்டடம். வெள்ளிக்கிழமை நானே வர்றேன், என் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. ஓடலைன்னா அன்னிக்கே இடிச்சிடுவோம்" என்றார். இவ்வளவு தெளிவாக என் மாணவர்களில் ஒருவர்கூடப் பேசியதில்லை.

உங்களிடம் மறைப்பானேன், அந்தப் பஸ் நகர்ந்து வருஷக்கணக்காகிறது. மெக்கானிக் இன்ஜினைத் திறந்துவிட்டு, "அண்ணே, உள்ள குளவி குடும்பம் நடத்துது" என்றார். அதையும் டேப் சார் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன், குடியிருப்பு என்று எழுதிவிடுவார். வெள்ளிக்கிழமை காலையில் பேட்டரி மாற்றி, டயருக்குக் காற்றடித்து, குழாயையும் வயரையும் கழற்றிவிட்டு, மாமாவை இறங்கச் சொன்னோம். இறங்க மாட்டேன் என்றுவிட்டார். "இது வண்டின்னா நான் பயணி, கட்டடம்னா நான் குடித்தனக்காரன். ரெண்டுலயும் என்னை இறக்க உங்களுக்கு உரிமை கிடையாது மாப்ள." உங்கள் தங்கை கெஞ்சிப் பார்த்தாள். "அப்பா, வண்டி குலுங்குமேப்பா, இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" அவர் கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு, "கம்பத்துல தொங்கினவன்மா நான்" என்றார். அவரோடேயே கிளம்பத் தீர்மானித்தோம்.

பெரிய மேடம் தெருவில் குடையோடு நின்றார். டேப் சார் சாட்சியாக என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பழகுகிற வண்டி அல்லவா, அந்த இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சாவியைத் திருகினேன். இருமியது, புகைந்தது, குளவிகள் வெளிநடப்புச் செய்தன, பிறகு நிஜமாகவே உறுமியது. கியரைப் போட்டு ஓர் அடி நகர்த்தியதும் டேப் சார் பிரேக்கை மிதித்தார். மறுபடி நகர்த்தினேன், மறுபடி மிதித்தார். "யோவ், சாட்சிக்காரர் காலைத் தூக்குய்யா" என்று கத்தினேன். தூக்கினார். பஸ் ஒரே பாய்ச்சலாகக் கேட்டைத் தாண்டியது. நான் சிமெண்டுச் சரிவைப் படிக்கட்டோடு சேர்த்துப் பூசியிருந்தேனாம், அதனால் படிக்கட்டு மட்டும் கொல்லையிலேயே தங்கிவிட்டது. உங்கள் தங்கை துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையைப் பஸ்ஸின் பின்பக்கமும் மறுமுனையைக் குளியலறை ஜன்னலிலும் கட்டியிருந்தாளாம். துணி, கயிறு, ஜன்னல் மூன்றும் எங்களோடு கிளம்பிவிட்டன. அந்த ஜன்னல் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

தெருவைச் சுற்றி வந்தோம். விழுந்த நாளிலிருந்து வாசலைத் தாண்டாத மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பமாகக் காட்டி டேப் சாரிடம் பேசிக்கொண்டே வந்தார். "இது நான் இழுத்த லைன் தம்பி. அந்த வளைவுல இருக்கே, கொட்டுற மழையில ஏறினேன். கீழ என் மகன் குடையைப் பிடிச்சிட்டு நின்னான், சின்னப் பையன், குடை அவனைவிடப் பெரிசு." டேப் சார் பிரேக்கை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மாமாவின் முகத்தைப் பார்த்தேன் மச்சான். யாரும் என் முகத்தைக் கவனித்துவிடக் கூடாதென்று ஹாரனை அடித்தேன்.

திரும்பி வந்து, கொல்லைக்குப் போகும் சந்துக்குள் ஒரே மூச்சில் பின்பக்கமாக ஓட்டி, பழைய இடத்திலேயே நிறுத்தினேன். பெரிய மேடம் சிரித்தாரா என்று தெரியவில்லை, குடை மறைத்துவிட்டது. ஆனால் "வண்டிதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டேப் சார் நோட்டீஸைத் தாமே கிழித்தார். மதியமே போக்குவரத்து ஆய்வாளரும் தற்காலிக அனுமதி கொடுத்துவிட்டார், பனியனை மட்டும் மடித்து வைக்கச் சொல்லி.

ஆக, விஷயம் முடிந்தது. நீங்கள் அலைய வேண்டாம், லீவு போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டாம், அந்த இல்லத்தின் பக்கமே போக வேண்டாம். அவர் உங்களுக்கு அப்பா, எனக்கு மாமா, ஆனால் என்னோடு தினமும் சண்டை போட வேறு ஆள் இல்லை. அவரை விட்டுவிட்டு இருக்க என்னால் முடியாது. அவர் இங்கேதான் இருப்பார். உறுதியாகச் சொல்கிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, வயது வந்ததும் என்னிடமே ஓட்டப் பழகி, ஒரே தடவையில் தேற வேண்டுமென்று ஆசீர்வதிக்கிறேன்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
தங்கை கணவன்

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்குள் மேலே எழுதியதெல்லாம் தலைகீழாகிவிட்டது. பஸ் நின்றதிலிருந்து மாமா சாப்பிடவில்லை. இடுப்பு வலிக்கிறதா என்று உங்கள் தங்கை கேட்டதற்கு, "வண்டி ஓடுதுல்ல? அப்புறம் என்னத்துக்கு இங்க நிக்குது?" என்றார். ஆகவே, அவர் ஓர் அடிகூட நகரமாட்டார் என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள். நாளை விடிந்ததும் அவரையும் கட்டிலையும் உங்கள் தங்கையையும் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் புறப்படுகிறேன். டேப் சாரும் லீவு போட்டுவிட்டுப் பிரேக் பிடிக்க வருகிறார். படிக்கட்டு இல்லாததால் மாமாவால் அங்கே இறங்க முடியாது, எத்தனை நாள் தங்குவார் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். உங்கள் ஊர் நகராட்சியில் யாராவது கேட்டால் வண்டி என்றே சொல்லுங்கள். இவ்வளவு நாள் மகன் வீட்டுக்குப் போகாதவருக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் இருக்கிறது மூணாவது மாடி, லிஃப்டும் கிடையாது, அதான் நான் போகலை. இப்ப நான் ஏற வேணாம் மாப்ள. நீங்க வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிங்க. அவன் இறங்கி வந்தா போதும்."